கொம்பு முளைத்த மீன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தை மூன்று வருடமாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. வருவாய்த் துறையில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். மகன் பின்லாந்தில் வேலை பார்க்கிறான். போன மாதம் குடும்பத்தோடு வடகோடியில் உள்ள இனாரி என்ற ஊருக்குப் போய் வந்தான். அங்கே பார்த்த ஊர்ச் சின்னம் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினான். கறுப்புக் கேடயம், நடுவில் வெள்ளி மீன், அந்த மீனின் தலையில் தங்க நிறத்தில் கிளை விட்ட மான்கொம்பு!

இது நம்முடைய யாளி, மகரம் மாதிரி ஏதாவது புராண மிருகமா? பாண்டியரின் மீனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் கேட்கிறார். இணையத்தில் தேடினால் கறுப்பு துக்கம், தங்கம் பெருந்தன்மை என்று ஓர் அட்டவணை கிடைத்தது. இவர்கள் எதற்குத் துக்கப்படுகிறார்கள்? அப்புறம், நான் வேலை பார்த்த கிராமங்களில் ரப்பர் ஸ்டாம்பும் மை டப்பாவும்தான் உண்டு. ராஜாக்களின் கேடயம் ஒரு கிராமத்துக்கு எதற்கு?

கடைசியாக ஒரு வீட்டு வழக்கு. ஒன்பது வயதுப் பேரன் அதைக் கிரேயானில் வரைந்திருக்கிறான். மீனுக்குச் சாம்பல் நிறம், கொம்புக்கு மஞ்சள். மீன் குண்டாக வேறு இருக்கிறது. "அசலில் இருப்பது மாதிரி இல்லை, தப்பு" என்கிறான் அவன் அப்பா. தீர்ப்பு சொல்லுங்கள்.

அன்புடன்,
மா.,
விருதுநகர்

---

அன்புள்ள மா. அவர்களுக்கு,

முதலில் பாண்டியர் விஷயத்தை முடித்துவிடுவோம். தொடர்பு இல்லை. தண்ணீர் இருக்கும் ஊரில் மீன் இருக்கும், மீன் தின்று வாழும் ஊரில் அது சின்னமாகவும் ஆகும், அவ்வளவுதான். உங்கள் வாட்ஸ்அப் நண்பரிடம் இன்னொரு தகவலைச் சொல்லிவிடாதீர்கள். இனாரியின் பழங்குடிகள் சாமி என்ற இனத்தவர். அவர்களில் அந்த ஏரிக்கரையிலேயே காலங்காலமாக இருப்பவர்கள் இனாரி சாமிகள். அவர்கள் மொழியில் ஊரின் பெயர் 'ஆனார்'. சாமி, ஆனார், மீன் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் அவர் ஒரு புத்தகமே எழுதிவிடுவார்.

புராண மிருகமா என்ற கேள்வி நியாயமானது. ஐரோப்பியச் சின்னங்களில் பாதி சிங்கம் பாதி மீன், கழுகுத் தலை சிங்க உடல் என்று யாளிக்குச் சித்தப்பா மகன்கள் நிறைய உண்டு. ஆனால் இனாரியின் மீன் அந்த வகையில் சேராது. அதற்குக் கதை கிடையாது. யாரும் அதைக் கும்பிடவில்லை, ஏரியில் பார்த்ததாகச் சொல்லவும் இல்லை. அது இரண்டு பிழைப்புகளை ஒரே உடலில் ஒட்டவைத்த படம். மீன் என்றால் மீன்பிடி, கொம்பு என்றால் ரெயின்டீர் என்னும் பனிமான் வளர்ப்பு. ஒளித்துவைத்த மர்மம் எதுவும் இல்லை.

மர்மம் இல்லை என்பதால் சுவாரசியம் இல்லை என்று நினைக்க வேண்டாம். எந்த மீன், எந்தக் கொம்பு என்று பார்க்கத் தொடங்கினால் விஷயம் கனமாகிவிடும்.

அந்த மீனைப் பின்னிஷ் மொழியில் சீக்கா என்கிறார்கள். சால்மன் குடும்பம்தான், ஆனால் சால்மனின் பகட்டு இல்லை. சிறிய வாய், வெள்ளி உடம்பு, வெளுத்த சதை. இனாரி ஏரி 1,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பின்லாந்தின் மூன்றாவது பெரிய ஏரி, உள்ளே 3,000-க்கும் மேற்பட்ட தீவுகள். நவம்பரில் உறைந்தால் ஜூன் தொடக்கம் வரை பனிக்கட்டி கிடக்கும். அதற்காகப் பட்டினி கிடக்க முடியுமா? பனிக்கட்டியில் வரிசையாகத் துளை போடுவார்கள். முதல் துளையில் ஒரு நீளக் கம்பைக் கயிற்றோடு உள்ளே விட்டு, கட்டிக்கு அடியிலேயே தள்ளி, அடுத்த துளையில் கவைக்கோலால் பிடித்து, மறுபடி அடுத்ததற்குத் தள்ளுவார்கள். கடைசித் துளைக்குக் கயிறு வந்து சேர்ந்ததும் அதன் வாலில் வலையைக் கட்டி இழுத்தால், பனிக்கட்டிக்குக் கீழே சுவர் மாதிரி வலை நின்றுவிடும். மறுநாள் வந்து துளைகளில் புதிதாகக் கட்டிய பனியை உடைத்துவிட்டு வலையை இழுக்க வேண்டும். ஈர வலை வெளியே வந்த மாத்திரத்தில் விறைக்கத் தொடங்கும் என்பதால், வெறுங்கையால் மீனை அவசர அவசரமாகக் கழற்ற வேண்டும். கேடயத்தில் மினுக்குகிற வெள்ளி மீன் இப்படிக் கையை மரத்துப்போக வைத்த மீன்.

அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுசேர்த்தது எது? ஒரு காலத்தில் பனிமான் பூட்டிய சறுக்குவண்டிதான். இப்போது மோட்டார் வண்டிகள் வந்துவிட்டன.

இனாரி சாமிகள் அடிப்படையில் மீன்பிடிக் குடிகள். பருவத்துக்குப் பருவம் இடம் மாறி, ஏரியையும் ஆறுகளையும் நம்பி வாழ்ந்தவர்கள். வண்டியிழுக்கக் கொஞ்சம் பனிமான் வைத்திருந்தார்கள், பெரிய மந்தை கிடையாது. 1852-ல் நார்வேக்கும் பின்லாந்துக்கும் இடையிலான எல்லை மேய்ச்சலுக்கு மூடப்பட்டது. அதன் பிறகு அந்தப் பிரதேசத்தில் மந்தைகளின் போக்கே மாறிப்போனது. சாமிகளில் இன்னொரு பிரிவினரான வடக்கு சாமி மேய்ப்பர்கள் மந்தைகளோடு இனாரிப் பக்கம் வந்து தங்கினார்கள், பெருமந்தை வளர்ப்பு பரவியது. இதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி சின்னத்தைப் பாருங்கள். உடல் மீனுடையது. கொம்பு அப்புறம் முளைத்தது. வரைந்தவர் இந்த வரலாற்று வரிசையை யோசித்துத்தான் செய்தாரா என்று கேட்காதீர்கள், இது என் வாசிப்பு. ஆனால் மானுக்கு மீன்வால் வைத்திருந்தால் இவ்வளவு பொருந்தியிருக்காது என்று நினைக்கிறேன்.

கொம்பைப் பற்றியும் ஒன்று. மாட்டுக்கொம்பு மாதிரி அல்ல, மான்கொம்பு வருடாவருடம் உதிர்ந்து முளைப்பது. மான் இனங்களில் பனிமானில் மட்டும்தான் பெட்டைக்கும் வழக்கமாகக் கொம்பு உண்டு. கிடா முன்பனிக்காலத்தில் உதிர்த்துவிடும். சினைப்பெட்டை வசந்தத்தில் குட்டி போடும்வரை வைத்திருக்கும். ஆக, நடுக்குளிர்காலத்தில் முழுக்கொம்போடு நிற்கிற மான் பெரும்பாலும் பெட்டையாக இருக்கும். கேடயங்களின் உலகம் ஆண் சிங்கங்களால் நிரம்பியது என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

கறுப்புக்கு வருவோம். நீங்கள் பார்த்த அட்டவணையை மறந்துவிடுங்கள். சிவப்பு வீரம், நீலம் விசுவாசம் என்று பட்டியல் போட்டது பிற்காலத்துக் கைவேலை. சின்னக்கலையில், அதாவது கேடயச் சின்னம் வரையும் கலையில், நிறத்துக்கு நிலையான பொருள் கிடையாது, விதி மட்டும் உண்டு. தங்கம், வெள்ளி இரண்டும் 'உலோகம்'. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை எல்லாம் 'நிறம்'. உலோகத்தின்மேல் உலோகம் கூடாது, நிறத்தின்மேல் நிறம் கூடாது. காரணம் ரொம்பச் சாதாரணம்: தூரத்திலிருந்து தெரிய வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் முகத்தை இரும்புக்குள் மூடிக்கொண்டு சண்டைக்குப் போனவர்களை ஆள் தெரிந்துகொள்ளப் பிறந்த கலை அல்லவா? மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தை எழுதுகிற நம் ஊர் போர்டு பெயிண்டருக்கு இந்த விதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இனாரியில் பின்புலம் கறுப்பு. அதன்மேல் வரும் மீனும் கொம்பும் உலோகமாகத்தான் இருக்க முடியும். மீனுக்கு வெள்ளி இயல்பாகவே வந்து அமர்ந்துவிட்டது, மீதி இருந்த தங்கம் கொம்புக்குப் போனது. அந்த ஊராட்சியில் ஓடும் இவாலோ ஆற்றில் 1870 வாக்கில் தங்கம் தேடிக் கூட்டம் குவிந்தது உண்மை. அதனால் கொம்பு தங்க நிறம் என்று யாராவது சொன்னால் ரசித்துவிட்டு விட்டுவிடலாம்.

ஆனாலும் கறுப்பைப் பார்த்த உடனே அங்கே இருப்பவர்களுக்கு ஒன்று தோன்றாமல் இருக்காது. டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை இனாரியில் சூரியன் எழுவதே இல்லை. காமோஸ் என்று அதற்குப் பெயர். நண்பகலில் தெற்கே கொஞ்சம் நீலமும் ரோஜாநிறமும் பூசிவிட்டு வெளிச்சம் போய்விடும். அந்த இருட்டுதான் கேடயத்தின் கறுப்பு என்று சொல்பவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். அது சின்னக்கலையின் விதியில் வருவதல்ல, பார்ப்பவர் கூடவே கொண்டுவருவது. துக்கம் மட்டும் இல்லை, அதை உறுதியாகச் சொல்லலாம்.

இனி உங்கள் ரப்பர் ஸ்டாம்ப் கேள்வி. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

பின்லாந்தில் கேடயச் சின்னம் வெகுகாலம் பிரபுக்களுக்கும் பழைய நகரங்களுக்கும் உரியதாக இருந்தது. கிராமப்புறத்தில் மாதாகோவில் பங்குதான் நிர்வாகமும். 1865-ல்தான் கிராம ஊராட்சியைக் கோவிலிலிருந்து பிரித்தார்கள். அதன் பிறகும் இந்த ஊராட்சிகளுக்கு முத்திரை இருந்ததே தவிரக் கேடயம் இல்லை. 1949-ல் ஊராட்சிச் சின்னங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. கிராமமும் நகரத்துக்குச் சமமாகச் சின்னம் வைத்துக்கொள்ளலாம் என்றது அது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா ஊராட்சிகளும் வைத்துக்கொண்டன. அப்போது அவை 500-க்கு மேல்.

அந்த வருடத்தைக் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து நான்கைந்து வருடம்தான் ஆகிறது. கிழக்கே கரேலியா, வடக்கே பெத்சாமோ என்ற பகுதிகள் சோவியத் யூனியனிடம் போய்விட்டன, நான்கு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்து நாட்டுக்குள்ளேயே குடிபெயர்ந்திருந்தார்கள். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை வடகோடிப் பகுதியான லாப்லாந்தைக் கொளுத்திக்கொண்டே போனது. இனாரி ஊராட்சியின் பெரிய கிராமமான இவாலோவும் எரிந்தது. அந்தச் சாம்பலில் மறுபடி வீடு கட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் "நம் ஊருக்கு அடையாளம் எது" என்று மன்றம் கூடிப் பேசினார்கள். இதில் ஒன்று என்னை ரொம்பப் பாதித்தது. சோவியத் பக்கம் போய்விட்ட கரேலிய ஊர்களுக்கும் பிற்பாடு சின்னம் வரைந்தார்கள். அங்கிருந்து வந்தவர்களின் ஊர்ச்சங்கங்கள் கேட்டு வாங்கிக்கொண்டன. ஊராட்சி அலுவலகம் கிடையாது, எல்லை கிடையாது, கேடயம் மட்டும் உண்டு.

ராஜாக்களின் பொருளைக் கிராமம் கடன் வாங்கியதாகவும் நினைக்க வேண்டாம். எழுதத் தெரியாத காலத்திலேயே பின்லாந்தின் ஒவ்வொரு பண்ணை வீட்டுக்கும் ஒரு குறி இருந்தது. பூமெர்க்கி என்பார்கள், மரக்குறி என்று பொருள். நாலைந்து நேர்க்கோடுகளைக் கத்தியால் வெட்டினால் முடிந்தது. கோடரிக் காம்பில், வலை மிதவையில், ஆற்றில் மிதக்கவிட்ட மரத்தில் எல்லாம் அது இருக்கும். பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலும் அதுதான். சலவைக்குப் போய்வந்த வேட்டியின் மூலையில் மையால் ஒரு குறி இருக்குமே, அந்த மாதிரி. பனிமான் மேய்ப்பர்களுக்கு இன்றும் காதுக்குறி உண்டு. கோடைகாலத்தில் குட்டிகளைப் பட்டியில் அடைத்து, தாயோடு ஒட்டிப்போகும் குட்டி எது என்று பார்த்து, அதன் இரண்டு காதுகளிலும் தங்கள் குடும்பத்துக்கு உரிய வெட்டுகளைக் கத்தியால் போடுவார்கள். இடது காதில் முனைவெட்டு, வலது காதின் பின்விளிம்பில் இரண்டு கொத்து என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சேர்க்கை. பதிவேடும் உண்டு. ஓடுகிற மானின் காதைத் தூரத்திலிருந்தே பார்த்து 'இது இன்னாருடையது' என்று சொல்லிவிடும் மக்களுக்குக் கேடயத்தைப் படிப்பது ஒரு வித்தையா?

நல்ல சின்னம் எது என்பதில் அந்தக் காலத்துப் பின்லாந்துக் கலைஞர்களுக்குக் கறாரான பிடிவாதம் இருந்தது. எழுத்து கூடாது, நிலக்காட்சி கூடாது, குறைந்த நிறம், ஒன்றோ இரண்டோ பொருள். குஸ்தாவ் வான் நுமெர்ஸ் என்பவர் இதில் பெரிய கை. கேடயத்தை இரண்டாகப் பிரிக்கும் கோட்டையே தேவதாரு மரங்களின் வரிசை போல வெட்டி ஒரு புதுக்கோடு கண்டுபிடித்தார். காட்டைத் தனியாக வரைய வேண்டாம், கோடே காடாகிவிடும். பிற நாட்டுக்காரர்களும் பிற்பாடு அதை எடுத்துக்கொண்டார்கள். நார்வேக்காரர்கள் இன்னும் கறார்: ஒரு உலோகம், ஒரு நிறம், அதற்கு மேல் கிடையாது. இனாரியிலிருந்து எல்லையைத் தாண்டினால் நார்வேயின் காரஷோக் ஊராட்சி. அதன் சின்னம் சிவப்பில் மூன்று தங்கத் தீக்கொழுந்துகள். இன்னும் மேற்கே கௌத்தோகெய்னோ. நீலத்தில் ஒரு தங்கக் கூம்புக் கூடாரம், சாமிகளின் லாவ்வோ. கறுப்பு, வெள்ளி, தங்கம் என்று மூன்று வைத்திருக்கும் நம் மீன் அங்கே போயிருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இந்தக் கறாரின் அருமை எனக்குத் தெரிந்தது சொந்த அனுபவத்தில். பல வருடம் முன்பு ஒரு பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்குச் சின்னம் தேர்வு செய்யும் குழுவில் என்னையும் போட்டார்கள். முதல் கூட்டத்தில் திறந்த புத்தகமும் விளக்கும். இரண்டாவது கூட்டத்தில் கோபுரம் சேர்ந்தது, பக்கத்திலேயே தேவாலயமும் மசூதியும். மூன்றாவதில் ஏர், பனைமரம், கம்ப்யூட்டர். நன்கொடையாளர் ஒருவர் ராக்கெட் வேண்டும் என்றார். அச்சடித்து வந்த பேட்ஜில் எல்லாம் சேர்ந்து ஒரு நீலக் கறையாகத்தான் தெரிந்தது. நானும் கைதூக்கியவன்தான், குறை சொல்ல உரிமையில்லை.

இனாரியில் சேர்க்க ஆசைப்பட்டிருந்தால் பொருளுக்கா பஞ்சம்? பின்லாந்திலேயே பரப்பளவில் பெரிய ஊராட்சி அது, ஏறக்குறைய 17,000 சதுர கிலோமீட்டர். ஆனால் மக்கள் சுமார் 7,000 பேர்தான். சதுர கிலோமீட்டருக்கு முழுசாக ஓர் ஆள்கூட வராது. நான்கு ஆட்சிமொழிகள்: பின்னிஷ், வடக்கு சாமி, இனாரி சாமி, ஸ்கோல்ட் சாமி. ஸ்கோல்ட்டுகள், அதாவது ஸ்கோல்ட் சாமிகள், பெத்சாமோ கைவிட்டுப் போனபோது வந்தவர்கள். 1949-ல் இனாரி ஊராட்சியின் சேவெத்தியார்வி கிராமத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். இனாரி சாமி பேசுவோர் இன்று சில நூறு பேர்தான். சாமி நாடாளுமன்றமும் இனாரியில்தான் கூடுகிறது. இவற்றில் ஒன்றுகூடச் சின்னத்தில் இல்லை. பல இடங்களில் நாலு இனம் என்றால் நாலு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். இங்கே யார் என்ற கேள்விக்குப் போகாமல் எதைத் தின்று பிழைக்கிறோம் என்பதோடு நின்றுவிட்டார்கள். அதில் நால்வருக்கும் சண்டை வராது. பின்லாந்தில் பனிமான் வளர்ப்பது சாமிகளுக்கு மட்டுமான உரிமையும் அல்ல, அந்தப் பகுதியில் குடியிருக்கும் பின்னிஷ்காரர்களும் வளர்க்கிறார்கள். இதில் சாமிகளுக்கு மனக்குறை உண்டு, அது தனிக் கதை. ஆனால் மேஜையில் மீனும் மான்கறியும் எல்லோர் வீட்டிலும் இருக்கும்.

சரி, வீட்டு வழக்கு. தீர்ப்பு பேரன் பக்கம்.

கேடயச் சின்னம் என்பது ஒரு குறிப்பிட்ட படம் அல்ல. அது ஒரு வாக்கியம். மன்றம் தீர்மானம் போடுவதும் அந்த வாக்கியத்தைத்தான். நம் மீனுக்கு உள்ளது இவ்வளவே: கறுப்புப் பின்புலத்தில் தங்கப் பனிமான்கொம்பு கொண்ட வெள்ளி சீக்கா. இதற்கு அடங்கி யார் வரைந்தாலும் அது இனாரியின் சின்னம்தான். தங்கத்தை மஞ்சளாகவும் வெள்ளியை வெள்ளையாகவோ சாம்பலாகவோ தீட்டுவது பழைய வழக்கம். கறுப்பு வெள்ளையில் அச்சிட வேண்டி வந்தால் தங்கத்துக்குப் புள்ளிகள், வெள்ளிக்கு வெற்றிடம், சிவப்புக்கு நெடுக்குக்கோடு, நீலத்துக்குக் கிடைக்கோடு என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே ஏற்பாடு செய்துவிட்டார்கள். நீங்கள் எத்தனையோ பட்டாக்களில் நான்கெல்லை எழுதியிருப்பீர்கள். வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் நிலம் என்று எழுத்து சொல்கிறது. பக்கத்தில் கைவரைபடம் கொஞ்சம் கோணலாக இருந்தால் நிலம் ஓடிப்போய்விடுமா?

மீன் குண்டாக இருப்பதைப் பற்றி வாக்கியத்தில் ஒன்றும் இல்லை. கொம்பில் எத்தனை கிளை என்றும் இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், சாம்பல் கிரேயான் ரொம்ப அழுத்தமாக விழுந்திருந்தால் மீன் கறுப்பில் கரைந்துவிடும். கொஞ்சம் அழித்துவிட்டால் போதும். அப்பா சொன்னாரே என்று மீனை இளைக்க வைக்க வேண்டாம்.

அந்தப் படத்தை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.